கட்டிலில் உட்கார்ந்து காம்பஸ் பிடித்த ஆறு வாரம்

தர்மபுரி பக்கம் பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகாது என்று கூடை கூடையாய் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மாடு தின்றது போக மிச்சம் டயர் ஏறி ஏறிக் கூழாகிக் கிடக்கும். போன நவம்பர் முதல் வாரம், லேசான தூறலில், அந்தக் கூழில்தான் என் ஸ்கூட்டர் வழுக்கியது. வேகம் இருபதுக்கு மேல் இருக்காது. வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ, ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாது. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகும் அம்மா, "புத்தூர்க் கட்டுக்கே போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எதில் விழுந்தேன் என்று கேட்டார்கள், பதிலைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் மாரண்டஹள்ளி தாண்டி ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பில் 34 பேர். விழுந்த நேரத்தில் செய்முறை வடிவியலில் பாதி பாக்கி, வரைபடம் முழுக்கப் பாக்கி. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இந்த இரண்டும் ஆளுக்கு 8 மதிப்பெண், மொத்தம் 16. சுமாராகப் படிக்கிற பையனைக் கரையேற்றுவதே இந்தப் பதினாறுதான். ஒரு மதிப்பெண் கேள்வி 14-ஐயும் இந்த 16-ஐயும் ஒழுங்காக வாங்கிவிட்டால் முப்பது வந்துவிடும், அப்புறம் முப்பத்தைந்தைத் தொடுவது பெரிய விஷயமில்லை. அதனால் இரண்டாவது வாரமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கட்டிலில் இருந்தே வீடியோவில் வகுப்பு எடுக்கலாம் என்று முடிவு பண்ணினேன்.

மருத்துவ விடுப்பில் இருப்பவன் பாடம் நடத்தலாமா என்பது தனிக் கதை. ஹெச்.எம்.மிடம் கேட்டேன். "பதிவேட்டுல நீங்க லீவுதான் சார். பிள்ளைங்க புரொஜெக்டர்ல ஏதோ கணக்கு பாக்கறாங்க, அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றார். அறிவியல் டீச்சர் அந்த ஒரு பாடவேளை ஹைடெக் லேபில் பிள்ளைகளோடு உட்கார ஒத்துக்கொண்டார். பெரியவர் ஒருவர் அறையில் இல்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது என்பதில் நானும் உறுதியாக இருந்தேன். ரெக்கார்டு பண்ணக்கூடாது என்பதிலும்.

கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் பண்ணியதுதானே, இதில் என்ன புதுசு என்று முதலில் நினைத்தேன். அது வேறு, இது வேறு. 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம் ஓடியது, நாங்கள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தோம். போன் இருந்த பையன் கேட்டான், இல்லாதவன் ஆடு மேய்க்கப் போனான். இப்போது பிள்ளைகள் ஒரே அறையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் வெளியே. அப்போது 34 இணைப்பு வேண்டும், இப்போது ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று அறுந்தால் 34 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் 34 பேர் என்றால் என்ன என்று வாத்தியார்களுக்குத் தெரியும்.

முதல் வேலை, என் கையையும் பேப்பரையும் மேலிருந்து காட்டுவது. ஜியோஜீப்ரா மாதிரி மென்பொருளில் வட்டம் போட்டுக் காட்டலாமே என்று மைத்துனன் சொன்னான். அதில் வட்டம் அழகாகத்தான் வரும். ஆனால் காம்பஸ் முள் நழுவுவதும், பென்சில் லூசாகி ஆரம் கூடிப்போவதும், அதைக் கண்டுபிடிப்பதும் அதில் வராது. பரீட்சையில் பிள்ளைகள் கையால்தான் வரையப்போகிறார்கள்.

வீட்டில் டிஸ்ப்ளே உடைந்த பழைய போன் ஒன்று கிடந்தது, பின்பக்கக் கேமரா நன்றாக இருந்தது. ஸ்டீல் ஸ்கேலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஸ்கேலின் மறுமுனையைப் புத்தக அடுக்குக்குள் சொருகினேன். இரண்டு நிமிஷம் நின்றது, அப்புறம் காம்பஸ் முள் மேலேயே குப்புற விழுந்தது. கேமராக் கண்ணாடி தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் பைப்புக்குப் போனேன். போர் கனெக்‌ஷன் போட்டபோது மிச்சமான முக்கால் இஞ்ச் பிவிசி பைப் மாடியில் இருந்தது. பையன் எட்டாவது படிக்கிறான், ஹேக்ஸா பிளேடால் அவன் அறுத்தான், நான் கட்டிலில் இருந்து அளவு சொன்னேன். பின்பக்கத்துக்கு 20 செ.மீ.யில் இரண்டு, முன்னால் நீளும் கால்களுக்கு 30-ல் இரண்டு, நிமிர்ந்து நிற்க 45-ல் ஒன்று, மேலே கை நீட்ட 25-ல் ஒன்று. பைப்பை இணைக்க மூன்று வாய் உள்ள டீ ஒன்று, வளைவான எல்போ மூன்று. டீயின் நடுவாய் மேலே பார்க்கிற மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் 20-ஐச் சொருகி, முனையில் எல்போ போட்டுக் கால்களை முன்னால் திருப்பினால் அடித்தளம் தயார். நெட்டுக்குத்தாய் 45, அதன் தலையில் எல்போ, அதிலிருந்து கை. கையின் முனையில் ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய மொபைல் ஹோல்டர். வண்டிதான் ஓடவில்லையே.

கால்கள் கையைவிட 5 செ.மீ. கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். போனின் எடை கால் முனையைத் தாண்டிப் போனால் மொத்தமும் முன்னால் கவிழ்ந்துவிடும். நான் முதலில் கைக்கு 35 என்று சொல்லிவிட்டேன், கவிழ்ந்தது, அப்புறம் பத்தை வெட்டினோம். அடித்தளத்தை மட்டும் பைப் பசை போட்டு ஒட்டினேன், மேல் எல்போவை ஒட்டவில்லை, கோணம் திருப்ப வேண்டியிருக்கும் என்று. அது மெல்ல மெல்லத் தானாகவே தொங்க ஆரம்பித்தது. கடைசியில் கோணம் சரியான பிறகு ஒரு சின்ன ஸ்க்ரூவைக் குறுக்கே ஏற்றியதும் அடங்கியது. எழுதும்போது ஸ்டாண்டு நடுங்கியது இன்னொரு தொல்லை. பின்பக்கப் பைப்பில் ஆற்று மணலை நிரப்பிய பிறகு பாதி குறைந்தது. மீதி பாதி என் கட்டில் மேசையின் குற்றம், அதை ஒன்றும் பண்ண முடியவில்லை.

முதல் நாள் சோதனைக்கு அறிவியல் டீச்சர் நாலு பிள்ளைகளை மட்டும் லேபுக்குக் கூட்டி வந்தார். நான் 3 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டேன். அந்தப் பக்கம் குசுகுசு. "என்னடா?" என்றேன்.

"சார், வட்டம் முட்டை மாதிரி இருக்கு சார்."

எனக்கு என் பேப்பரில் வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. போன் கொஞ்சம் சாய்ந்திருந்தால் திரையில் வட்டம் நீள்வட்டமாகும், செவ்வகம் சரிவகமாகும். கணக்கு வாத்தியாருக்கு இது முன்னாடியே உறைத்திருக்க வேண்டும். சரி, எப்படி நேராக்குவது? ரசமட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கிராஃப் தாள் ஒன்றைக் கேமராவுக்குக் கீழே ஒட்டினேன். திரையில் அதன் எதிரெதிர் விளிம்புகள் இணையாகத் தெரிகிற வரை போனின் சாய்வைத் திருத்தினேன். ஒரு பக்கம் குறுகினால் அந்தப் பக்கம் போன் விலகி நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிஷ வேலை. அப்புறம் தினமும் வகுப்புக்கு முன் அந்த கிராஃப் தாளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். இன்னொன்று, அகலமாகக் காட்டுகிற 0.5 லென்ஸைத் தொடாதீர்கள், ஓரத்தில் நேர்கோடுகூட வளைந்துபோகும். சாதாரண லென்ஸ், தாளின் நடுப்பகுதியில் படம், அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு டியூப்லைட்டை நம்பினேன், திரையில் பட்டை பட்டையாகக் கருப்புக் கோடு மேலேறிப் போய்க்கொண்டே இருந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது, கேமரா அதோடு ஒத்துப்போகாவிட்டால் இந்தப் பட்டை வரும். கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருந்தது, அதைப் போட்டதும் போய்விட்டது. ஆனாலும் என் கையின் நிழல் சரியாகக் காம்பஸ் முனையில்தான் விழுந்தது. நான் வலதுகைக்காரன், அதனால் டேபிள் லேம்பை இடது முன்பக்கம் வைத்தேன். சின்ன வயதில் படிக்கும்போது அப்பா விளக்கை இடது பக்கம் வைக்கச் சொல்வார், அதே கணக்கு.

ஃபோகஸ்தான் ரொம்பப் படுத்தியது. கை உள்ளே வந்தால் கேமரா கையைப் பார்க்கும், கை வெளியே போனால் தாளைத் தேடும், ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி எல்லாம் மசமச என்று ஆகிவிடும். போனிலேயே கூகுள் மீட்டைத் திறந்தால் இதைக் கட்டுப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. போனை லேப்டாப்புக்கு வெப்கேமராவாக மாற்றும் செயலி ஒன்றைப் போட்டு, யூஎஸ்பி ஒயரில் இணைத்து, அதில் ஃபோகஸைப் பூட்டி வைத்தேன். ஒயரில் இணைத்ததால் சார்ஜும் ஏறிக்கொண்டே இருந்தது. என் மூஞ்சியைக் காட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன், வணக்கம் சொல்ல மட்டும் லேப்டாப் கேமரா.

பென்சில் கோடு அந்தப் பக்கம் தெரியவே இல்லை. கருப்பு ஜெல் பேனா, வில்லுக்குச் சிவப்பு ஸ்கெட்ச். பரீட்சையில் பென்சில்தான் என்று தினமும் ஒரு தடவை சொன்னேன், அப்படியும் ஒருத்தன் அரையாண்டில் சிவப்பு ஸ்கெட்சில் வரைந்து வைத்தான், அது என் பாவம்தான். இன்னொரு பழக்கமும் வந்தது. கை அசைந்துகொண்டிருக்கும்போது மெல்லிய கோடுகள் வீடியோவில் கரைந்துவிடும், அசைவு நின்றால் ஓரிரு நொடியில் படம் தெளிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வில்லும் போட்டதும் கையை வெளியே எடுத்து, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். வகுப்பறையில் இருபது வருஷமாக நான் இப்படி நிறுத்தியதே இல்லை. பிள்ளைகள் என்னை முந்திப் போகாமல் கூடவே வந்தது அந்த மூன்று எண்ணிக்கையால் என்றுதான் நினைக்கிறேன்.

இனி பள்ளிக்கூடப் பக்கம். படத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன், ஆனால் வகுப்பைக் கெடுப்பது படமில்லை, சத்தம்தான்.

லேப் லேப்டாப்பின் ஸ்பீக்கர் மூன்றாவது பெஞ்சுக்கே எட்டவில்லை, மேலே நாலு ஃபேன். காலை பிரேயருக்கு வைக்கும் டிராலி ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்தார்கள். நான் "வணக்கம்" என்றேன், அரை நொடி கழித்து என் காதில் "வணக்கம்" என்றது. நான் பேசப் பேச என்னை ஒருத்தன் கேலி பண்ணுகிற மாதிரி. தனக்குள் இருந்து வெளியே போகும் சத்தம் என்ன என்று லேப்டாப்புக்குத் தெரியும், மைக்கில் அதே சத்தம் திரும்பி வந்தால் கழித்துவிடும். ப்ளூடூத் பெட்டி அதைத் தாமதமாகப் பேசுகிறது, அதனால் கழித்தல் கணக்கு தப்பாகிறது. லேப்டாப்பைப் பெட்டியோடு நேராக இணைக்க எண்பது ரூபாய் ஆக்ஸ் ஒயர் வாங்கிக் கொடுத்தனுப்பினேன், எதிரொலி முக்கால்வாசி போயிற்று. பெட்டியைப் பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பி, லேப்டாப்பை அதன் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்ததில் கொஞ்சம் போயிற்று. மீதிக்கு ஒரே வைத்தியம், அந்தப் பக்கத்து மைக் எப்போதும் மூடியே இருக்கணும்.

அப்போது சந்தேகம் எப்படிக் கேட்பது? டீச்சரின் போனிலும் மீட்டைத் திறந்து, அதை மைக் மாதிரிக் கைமாற்றிக் கொடுக்கலாம் என்று திட்டம். முதல் தடவை திறந்ததும் ஊளை என்றால் ஊளை, ஹெச்.எம். தன் அறையில் இருந்து ஓடி வந்தார். ஒரே அறையில் இரண்டு கருவி இருந்தால் ஒன்றுதான் பேசணும், ஒன்றுதான் கேட்கணும். போனின் ஸ்பீக்கரை முழுசாக அடக்கிவிட்டு, மைக்கைக் கேள்வி கேட்கும்போது மட்டும் திறந்து, கேட்டு முடித்ததும் மூடச் சொன்னேன். முடித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிய "ஓவர் சார்" என்று சொல்ல வேண்டும். போலீஸ் வாக்கிடாக்கி மாதிரி இருந்ததால் இதற்காகவே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். "சார், இன்னைக்கு மேட்சு இருக்கு சார், ஓவர் சார்." எங்கள் வீடு ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால், சேலம் - பெங்களூரு ரயில் போகும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். அந்த ஹாரன் ஒன்றுக்கு மட்டும் என் மைக்கைத் திறந்தே வைக்கச் சொல்லி மனு வந்தது.

இலவச மீட்டில் மூன்று இணைப்பு ஆகிவிட்டால் 60 நிமிஷத்தில் வெட்டிவிடும். எங்கள் பாடவேளை அதற்குள் முடிந்துவிடுவதால் கவலை இல்லை.

நெட் விஷயம் சுருக்கமாக. லேபில் பைபர் இணைப்பு உண்டு, ஆனால் எங்கோ ரோடு தோண்டியதில் ஐந்து நாள் படுத்துவிட்டது. மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குப் போனால் லேப் மேசையில் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே. பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் மேற்குப் பக்க ஜன்னலில்தான் வரும். அந்த ஜன்னல் கம்பியில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் உள்ளே 6 வரை கிடைத்தது. ஒரு வகுப்புக்கு என் கணக்கில் அரை ஜிபிக்குக் கொஞ்சம் மேலே செலவு.

இத்தனையும் செட்டான பிறகுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. நான் கஷ்டப்பட்டதெல்லாம் அவர்கள் என்னைப் பார்ப்பதற்கு. என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் நிற்கும்போது யாருக்குப் புரியவில்லை என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம், புரியாதவன் குனிந்தே இருப்பான், பக்கத்து நோட்டைப் பார்ப்பவனின் கழுத்து ஒரு மாதிரி திரும்பும். கட்டிலில் இருந்து பார்த்தால் திரையில் 34 புள்ளிகள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸ். இந்தக் கோரஸை எந்த வாத்தியாரும் நம்பமாட்டான்.

டீச்சரின் போனைச் சாக்பீஸ் டப்பா மேல் சாய்த்து வகுப்பைப் பார்க்க வைத்தோம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாலு விடையில் எது என்று விரலால் காட்டச் சொன்னேன். முதல் இரண்டு பெஞ்சுக்குத் தெரிந்தது, பின்னால் மூன்று விரலா நாலு விரலா என்று தெரியவில்லை. சார்ட் பேப்பர் வெட்டி நாலு நிற அட்டை கொடுத்தோம், அ ரோஸ், ஆ மஞ்சள், இ நீலம், ஈ வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகவே தெரிந்தன, வெள்ளையில் கருப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டபிறகு சரியாயிற்று. இது நன்றாகவே வேலை செய்தது, கடைசி பெஞ்சில் ஒருத்தன் முன்னால் இருப்பவனின் அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகத் தூக்குவதுகூடத் தெரிந்தது.

ஆனால் வடிவியலுக்கு அட்டை உதவாது. அதற்கு வழி கிடைத்தது ஒரு கரண்ட் கட் அன்று.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 வரை எங்கள் ஊரில் மின்தடை, என் வீட்டு ரவுட்டருக்கு அப்போது பேட்டரி ஏதும் இல்லை. (மறுநாளே 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கினேன், முதல் வாரமே வாங்கியிருக்க வேண்டும்.) வேறு வழியில்லாமல் டீச்சர் போனுக்குச் சாதாரணக் கால் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். படம் இல்லாமல் வடிவியல் எப்படி நடத்துவது? எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "நான் வரையறதைத்தானே தினம் பாக்கறீங்க, இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் வரையறேன்" என்றேன். "சொல்றதை மட்டும்தான் வரைவேன். சொல்லாததைச் செய்ய மாட்டேன்."

கணக்கு இது. 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்தில் இருந்து 8 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு. எப்போதும் வாயைத் திறக்காத ஒரு பெண், டீச்சர் கை காட்டியதால் போனை வாங்கினாள்.

"காம்பஸ்ல ஆறு எடுத்து வட்டம் போடுங்க சார். ஓவர் சார்."

ஆறு எடுத்தேன். போட்டேன். பெரிசாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

"மையம் ஓ. அதுல இருந்து எட்டு செ.மீ. கோடு. அந்த முனை பி."

போட்டேன். வட்டத்தின் விளிம்பில் இருந்து வெறும் 2 செ.மீ.யில் பி நின்றது.

"இப்ப ஓ.பி.க்கு மையக்குத்துக்கோடு சார்."

"எப்படிம்மா போடறது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். "ஓ-ல முள்ள வெச்சு மேலயும் கீழயும் வில்லு போடணும் சார்." எவ்வளவு ஆரம் என்று சொல்லவில்லை, அதனால் நான் வேண்டுமென்றே 3 செ.மீ. வைத்தேன். "பி-லயும் அதே மாதிரி." போட்டேன். 3-ம் 3-ம் 6, தூரம் 8, வில்கள் சந்திக்கவே இல்லை. "வில்லு வெட்டலம்மா" என்றேன். அந்தப் பக்கம் அறை முழுக்க ஒரே சத்தம், அத்தனை பேரும் தங்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "பாதிக்கு மேல எடுக்கணும் சார்! பாதிக்கு மேல!" புத்தகத்திலும் அது இருக்கிறது, நானும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஏன் பாதிக்கு மேல் என்று அன்றுதான் கேட்டார்கள்.

நடுப்புள்ளி எம், அதை மையமாக வைத்து எம்.ஓ. ஆரத்தில் இன்னொரு வட்டம், அது முதல் வட்டத்தை வெட்டுகிற இரண்டு இடத்தில் ஒன்றுக்கு ஏ, ஏற்கெனவே இருக்கிற பி.யோடு குழப்பம் வரக்கூடாது என்று இன்னொன்றுக்கு சி. இரண்டையும் பி.யோடு சேர்த்தாயிற்று. "அளந்து சொல்லுங்க சார்." 5.3 என்றேன். சரிபார்த்தல் அவர்கள் பக்கம் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். 64-ல் இருந்து 9 போக 55, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.4.

"சார், நீங்க தப்பா வரைஞ்சிட்டீங்க."

"நீ சொன்னதைத்தான் வரைஞ்சேன்."

அவள் யோசித்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். மூச்சு விடுகிற சத்தம், நோட்டைத் திருப்புகிற சத்தம். அப்புறம், "ஐயோ, விட்டம் சார். மூணு எடுக்கச் சொல்லியிருக்கணும்." அப்புறம் மறக்காமல், "ஓவர் சார்."

கரண்ட் வந்ததும் நான் வரைந்த தப்புப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், லேபில் புரொஜெக்டரில் போட்டு ஒரே கும்மாளமாம். அடுத்த நாளில் இருந்து கேமரா முன்னால் அதையே செய்தேன். அவர்கள் வாய், நான் கை. தினம் மூன்று பேர், முறை வைத்து. அவர்கள் சொல்வதை அப்படியே வரைவேன், முட்டாள்தனமாக. "கோடு போடுங்க சார்" என்றால் எங்கேயாவது ஒரு கோடு போடுவேன். எந்தப் புள்ளியில் இருந்து, எவ்வளவு நீளம் என்று கத்துவார்கள். வரைபடத்துக்கு இது இன்னும் நன்றாக இருந்தது, அளவுத்திட்டம் சொல்லாமல் ஆரம்பித்தவன் மூன்றாவது புள்ளியிலேயே தாளுக்கு வெளியே போய்விடுவான்.

யாருக்குப் புரியவில்லை என்று பார்க்க வழி தேடிக்கொண்டிருந்தவனுக்கு அது காதில் வந்து சேர்ந்தது. ஒருவனுக்கு எந்தப் படியில் வார்த்தை நிற்கிறதோ அந்தப் படிதான் அவனுக்குத் தெரியாத படி. இதற்குக் கேமராகூட வேண்டாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று பேர் என்றால் 34 பேருக்கு ஒரு சுற்று வர பன்னிரண்டு நாள், இரண்டு நாள் மழை விடுமுறை வேறு. நோட்டுத் திருத்தம் சுத்தமாக நடக்கவில்லை. டீச்சர் போட்டோ எடுத்து அனுப்பினார், ஆனால் 34 போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். அறிவியல் டீச்சருக்குத் தினம் ஒரு பாடவேளை போயிற்று. அவர் இல்லையென்றால் இதில் ஒன்றுமே இல்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் ஊன்றுகோலோடு போனேன். கரும்பலகையில் மர காம்பஸை எடுத்து, பழக்கத்தில் நானே பேசிக்கொண்டே வட்டம் போட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒருத்தன், "சார், நாங்க இன்னும் ஆரம் சொல்லவே இல்ல சார், ஓவர் சார்."

மொபைல் ஹோல்டர் மறுபடி ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. ஆக்ஸ் ஒயர் லேபிலேயே இருக்கிறது. பைப் ஸ்டாண்டை அம்மா வெற்றிலைக் கொடி ஏற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. பிளேட் எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது.